இடம் மாறிய படம்

வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஆர்த்திகா பள்ளியின் கணினி அறையைத் திறந்தபோது, நடுவர்கள் வருவதற்கு இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது.

கீரிப்பாறை மலையடிவாரத்தில் இருக்கும் அந்த அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் மூன்று பேர் நான்கு மாதம் உழைத்து ஒரு வலைத்தளம் செய்திருந்தார்கள். 'நம்ம மலை' என்று பெயர். மலையில் இருக்கிற மரம், பறவை, பாம்பு, ஓடை எல்லாவற்றையும் பற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற தமிழில் பாடங்கள். எழுதியது ஆர்த்திகா. பக்கங்களை வடிவமைத்து இணையத்தில் ஏற்றியது சுதீஷ். படங்களைத் தேடிச் சேர்த்ததும், ஒவ்வொன்றுக்கும் தோட்டத்து ஆட்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வந்ததும் பூங்கனி. அவள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மாவட்ட அளவிலான போட்டியில் கடைசி ஐந்து தளங்களில் ஒன்றாக அது தேர்வாகியிருந்தது.

நடுவர்களுக்குக் காட்டும் முன் எல்லாப் பக்கமும் திறக்கிறதா என்று பார்க்கத்தான் ஆர்த்திகா சீக்கிரம் வந்தாள். தளத்தில் 'எங்களிடம் கேளுங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் முருகதாஸ். பெயரைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பூங்கனியின் வீட்டுக்கு அடுத்த வரிசையில் குடியிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளி அவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தளம் வந்த நாளிலிருந்து ஒரு பக்கம் விடாமல் வாசித்துத் திருத்தம் அனுப்புவார். இருவாச்சிப் பறவைக்கு 'எங்க ஆளுகள் வேழாம்பல்னுதான் சொல்லும்' என்று எழுதி அனுப்பி, அதைச் சேர்க்க வைத்தவரும் அவர்தான்.

செய்தி காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது.

'மக்களே, வெளுப்பாங்காலம் இருட்டோட பால் வெட்டும்போது கால்ல ஒண்ணு கடிச்சு. லைட் அடிச்சுப் படம் எடுத்தேன். உங்க பாம்புப் பக்கத்தில உள்ள மொதப் படம்தான் இது. விஷம் இல்லன்னு போட்டிருக்கு. வலி ஒண்ணும் இல்ல. சோப்பு போட்டுக் கழுவியாச்சு. வேற மாத்திரை ஏதும் திங்கணுமா?'

கூடவே ஒரு படம். காய்ந்த ரப்பர் இலைகளுக்கு நடுவே, மினுமினுக்கும் கறுப்பு உடம்பு. கழுத்துக்குப் பக்கத்தில் கோடு எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளி, இரண்டிரண்டாக மெல்லிய வெள்ளை வளையங்கள் வால் வரைக்கும் போயின.

அது கட்டுவிரியன். மூன்று வாரம் அதைப் பற்றியே வாசித்து எழுதியவள் ஆர்த்திகா. கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும் என்று எழுதியதும் அவள்தான்.

பாம்புப் பக்கத்தைத் திறந்தாள். முதல் படம் கட்டுவிரியன். அதன் கீழே இருந்த எழுத்து: 'ஓநாய்ப் பாம்பு. விஷமில்லாதது. கடித்தாலும் பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.' இரண்டாவது படம் ஓநாய்ப் பாம்பு. அதன் கீழே கட்டுவிரியனைப் பற்றிய எச்சரிக்கை முழுவதும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தபோது, சின்னப் பிள்ளைகள் பயப்படாமலிருக்க விஷமில்லாததை முதலில் வைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. எழுத்துகளை மேலும் கீழும் மாற்றினாள். படங்களையும் மாற்ற வேண்டும். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். படங்களை மாற்றிவிட்டோம் என்ற நினைப்பிலேயே சேமித்து மூடிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பூங்கனி அந்தப் பக்கத்தைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள்.

ஆறு பன்னிரண்டுக்கு வந்த செய்தி. இப்போது ஒன்பது இருபது.

அவள் வராந்தாவில் ஓடிப்போய் ராஜி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கணினி ஆசிரியை ராஜி நின்றபடியே செய்தியை வாசித்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

"இது கட்டுவிரியனா? உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"நம்பர் இருக்கா?"

இருந்தது. டீச்சர் அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. மறுபடி அழைத்தார். மறுபடி அதுவே. அப்போதுதான் சுதீஷும் பூங்கனியும் உள்ளே வந்தார்கள். சுதீஷ் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். பூங்கனி நடுவர்களுக்குக் கொடுக்க ஒரு கட்டு மஞ்சள் செவ்வந்தி கொண்டுவந்திருந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் பூக்கட்டை மேசையில் போட்டுவிட்டாள்.

"அங்க மேல சிக்னல் கெடையாது டீச்சர். ரோட்டுப் பக்கம் வந்தாத்தான் கிட்டும். மெசேஜ் அனுப்பிட்டு உள்ள போயிருப்பாரு. பதினோரு மணிக்குத்தான் பால் எடுத்துட்டு ஷெட்டுக்கு வருவாவ."

"அதுவரைக்கும் காத்திருக்க முடியாது," என்றார் டீச்சர். 108-ஐ அழைத்து விவரம் சொன்னார். அருகில் வண்டி இல்லை, தோட்டத்து முக்குக்கு வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். தோட்டத்து அலுவலகத்துக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சுதீஷ் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "படம் ஏத்துனது நான்தானே," என்றான் மெதுவாக. "எல்லாப் படமும் நான்தான் ஏத்துனேன். எப்படி மாறிச்சு?"

ஆர்த்திகா வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் பொறவு பேசலாம்," என்றார் டீச்சர். "சுதீஷ், அந்தப் பக்கத்தை இப்பமே எடு. ஆஸ்பத்திரியில பாம்புக் கடிக்கு ஆள் வருதுன்னு விளிச்சுச் சொல்லு. பூங்கனி, உனக்கு அவர் வெட்டுற இடம் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க."

வாசற்படியில் தலைமையாசிரியர் எதிரே வந்தார். "டீச்சர், பதினோரு மணிக்கு அவங்க வந்திருவாங்க. நீங்க எங்க போறீங்க?"

"சார், நம்ம தளத்தைப் பாத்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்காரு. நாம போகல்லன்னா செத்துப் போவாரு."

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

டீச்சரின் பழைய மாருதி காரில் பூங்கனி முன்னால் உட்கார்ந்தாள், ஆர்த்திகா பின்னால். மலைப்பாதையில் எஸ்டேட் பஸ் ஒன்று முன்னால் ஊர்ந்து போனது. டீச்சர் ஹாரனை விடாமல் அழுத்தினார். ஒரு வளைவில் பஸ் ஒதுங்கியது. பூங்கனி கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவும் மரத்தடியில்தான் இருப்பாள், எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் அழைத்தாள்.

"நான்தான் குரூப்புல போட்டேன்," என்றாள் பூங்கனி, யாரையும் பார்க்காமல். "எல்லாரும் பாருங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன். பாவம் சுதீஷ். அவன் அவ்வளவு கவனமாச் செய்யிறவன்."

ஆர்த்திகா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் என்ன மாறிவிடும், முதலில் அவரைக் கண்டுபிடிப்போம் என்று மனது சொன்னது. அது நியாயமாகவும் இருந்தது. ஆனால் தான் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் அந்த நியாயம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பால் அளக்கும் ஷெட்டில் ஒரே ஒரு கணக்கர் இருந்தார். முருகதாஸ் இன்னும் வரவில்லை என்றார். பாம்புக் கடி என்று கேட்டதும் எழுந்து நின்றார். "காலைல என்ட்ட சிரிச்சுட்டுதான் சொன்னாரு. விஷமில்லாத பாம்பு, பிள்ளைகளுக்க கம்ப்யூட்டர்ல பாத்தாச்சுன்னு."

அவர் மணிபோலத் தொங்கவிட்டிருந்த இரும்பு வளையத்தைத் தட்டி ஆள் கூப்பிடும் முன்பே பூங்கனி சரிவில் ஏறிவிட்டாள். ஆர்த்திகா பின்னால் ஓடினாள். முந்தின நாள் மழையில் செம்மண் வழுக்கியது. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் சாய்ந்த வெட்டு, கீழே கம்பியில் கட்டிய சிரட்டையில் வெள்ளைப் பால். ஒரு இடத்துக்கு அப்புறம் சிரட்டைகள் நிரம்பியே இருந்தன. பால் எடுக்கப்படவில்லை. பூங்கனி நின்று அதைப் பார்த்தாள். "இதுக்கு மேல அவரு வரல்ல," என்றாள். "இஞ்ச எங்கயோதான் இருக்காரு."

"மாமா," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டபோது இடதுபுறம் பள்ளத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

உலகம்மாள் என்ற இன்னொரு தொழிலாளி. அவள் தோளில் தலை சாய்த்து, முருகதாஸ் மரத்தில் முதுகு வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பால் வாளி கவிழ்ந்து கிடந்தது. "வயிறு நோவுதுன்னு இருந்தாரு, பொறவு ஒறக்கம் வருதுன்னாரு," என்றாள் உலகம்மாள். "வெறும் வயித்துல வேலைக்கு வந்ததால தலைசுத்தல்னு நெனச்சேன். தண்ணி குடுத்தேன், எறங்கல்ல."

முருகதாஸின் இரண்டு இமைகளும் பாதிக் கண்ணை மூடியிருந்தன. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க அவர் தலையையே பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

"நடக்க வைக்கக் கூடாது," என்றாள் ஆர்த்திகா. அவள் எழுதிய வரிதான் அது. "தண்ணி இனிக் குடுக்காதீங்க. சரிச்சுப் படுக்க வையுங்க."

கணக்கர் நான்கு ஆட்களோடு வந்தார். ஒரு தார்ப்பாயில் படுக்க வைத்து, நான்கு முனையையும் பிடித்துக் கீழே இறக்கினார்கள். வழுக்கலில் ஒருவர் முழங்கால் மடங்கி விழுந்தார், ஆனால் பிடியை விடவில்லை. கார் வரைக்கும் வர பதினைந்து நிமிடம் ஆயிற்று. பின் இருக்கையில் முருகதாஸைப் பக்கவாட்டில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் ஆர்த்திகா. ஆம்புலன்ஸ் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது, வழியில் சந்திக்கலாம் என்று டீச்சர் கிளம்பினார்.

"மூச்சை எண்ணு," என்றார் முன்னாலிருந்து. "சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும்."

ஆர்த்திகா எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினெட்டு. அடுத்த நிமிடம் பதினாறு. மார்பு ஏறி இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எச்சில் வாயோரம் வழிந்தது, அதைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவர் ஏதோ சொல்ல முயன்றார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவள் காதைக் கீழே கொண்டுபோனாள்.

"விசம்... இல்லன்னு... தானே மக்கா... போட்டிருந்து?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாணவன்போலத்தான் கேட்டார். அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"தப்பாப் போட்டாச்சு மாமா," என்றாள். "படம் மாறிப்போச்சு. நான்தான் மாத்தினேன். சுதீஷ் இல்ல. ஞாயிற்றுக்கிழமை நான்தான் எழுத்தை மாத்திட்டு படத்தை மாத்தாம விட்டேன்."

முன்னால் பூங்கனி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார்.

"எண்ணு," என்றார் டீச்சர்.

பதினொன்று என்று எண்ணும்போது ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. முக்கில் வண்டியை மாற்றினார்கள். உள்ளே இருந்த பணியாளர் முருகதாஸின் முகத்தில் மூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்தத் தொடங்கினார். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை அந்தக் கை நிற்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே டீச்சரின் கார் போனது.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி, செயற்கை சுவாசத்தில் வைத்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் இளம்பெண். வெளியே வந்து விவரம் கேட்டார். ஆர்த்திகா எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது," என்றார் மருத்துவர். கிளம்பப் போனவர் நின்று, "படம் மாறினது ஒரு தப்பு. 'கடிச்சாலும் பயப்பட வேண்டாம்'னு ஒரு பாம்பைப் பத்தி எழுதினதே பெரிய தப்பு. எந்தப் பாம்புன்னு கடிபட்ட ஆளு முடிவு பண்ணக் கூடாது. எது கடிச்சாலும் இங்க வரணும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு மணிக்கு முருகதாஸின் மனைவி அஞ்சலி வந்தாள். முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவள், விரல்களில் முந்திரிக் கறை கறுத்திருந்தது. பூங்கனி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆர்த்திகா எதிரே போய் நின்று, என்ன நடந்தது என்று சொன்னாள். இரண்டாவது தடவையாகச் சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

அஞ்சலி முழுவதையும் கேட்டாள். "அவரு உங்க படிப்பை எவ்வளவு நம்பினாரு தெரியுமா? எனக்க மகளுக்கு தினமும் வாசிச்சுக் காட்டுவாரு," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்பம் எனக்க முன்னால நிக்காத மக்கா. போ."

சாயங்காலம் தலைமையாசிரியர் டீச்சருக்கு அழைத்தார். சுதீஷ் தனியாகவே தளத்தை விளக்கிச் சொன்னானாம், பாம்புப் பக்கம் 'பராமரிப்பில்' இருக்கிறது என்று சமாளித்தானாம், நடுவர்களுக்குத் திருப்தியாம். "தப்பான பக்கத்தை எடுத்தாச்சு. அவரும் பிழைச்சுக்குவாருன்னு சொல்றாங்க. இதை வெளிய பேச வேண்டாம். பிள்ளைங்க எதிர்காலமும் இருக்கு," என்றார்.

மறுநாள் காலை கணினி அறையில் சுதீஷ் கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தான். தன் பழைய கோப்புகளை எல்லாம் திறந்து வைத்திருந்தான். "எனக்க கோப்புல படம் சரியாத்தான் இருக்கு. ஏத்தும்போது எங்க மாறிச்சுன்னு ராத்திரி பூரா பாத்துட்டேன். கிட்டல்ல," என்றான்.

"நீ மாத்தல்ல. நான்தான்," என்றாள் ஆர்த்திகா.

அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அவன் கோப்புகளை ஒவ்வொன்றாக மூடினான். "எப்பம் தெரிஞ்சு உனக்கு?"

"நேத்து காலைலயே. மெசேஜைப் பாத்த உடனே."

"நான் நின்னு நான்தானேன்னு சொன்னப்பம், நீ அறிஞ்சும் மிண்டாம இருந்தியா?"

"இருந்தேன்."

"நேத்து ஒருநாள் பூரா ஒரு மனுசனைக் கொன்னுட்டேன்னு நெனச்சு நான் இருந்தேன் ஆர்த்திகா. அதோட நடுவருக்கு முன்னால நின்னு சிரிச்சுப் பேசினேன்." குரல் உயரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பூங்கனி ஜன்னலருகே நின்றிருந்தாள். அவள் ஆர்த்திகாவைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. தன் கைப்பேசியை நீட்டினாள். தோட்டத்துக் குழு ஒன்று திறந்திருந்தது. "இதைப் பாரு."

பாம்புப் பக்கத்தை யாரோ திரையில் அப்படியே படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். கட்டுவிரியன், கீழே 'பயப்பட வேண்டாம்'. அதை ஏழு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் 'மிக முக்கியமான தகவல், எல்லோரும் சேமித்து வைக்கவும்' என்று எழுதியிருந்தார்.

"பக்கத்தை எடுத்தாச்சுன்னு ஹெச்.எம். சொல்லுகாரு. இது போகல்லயே," என்றாள் பூங்கனி. "நாளைக்கு இன்னொருத்தரைக் கடிச்சா இதைத்தான் எடுத்துப் பாப்பாவ."

ஆர்த்திகா தளத்தின் பார்வைக் கணக்கைப் பார்த்தாள். நான்கு நாளில் அந்தப் பக்கத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேர் திறந்திருந்தார்கள். அவர்கள் யார், எத்தனை பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வழியில்லை.

மூவரும் பேசி முடிவெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆர்த்திகாவும் பூங்கனியும் ராஜி டீச்சரிடம் போனார்கள், டீச்சர் அவர்களோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அங்கே அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தளத்தின் முகப்பிலேயே பிழையை ஒத்துக்கொண்டு அறிவிப்பு போட வேண்டும், போட்டி நடத்துகிறவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார்கள் இவர்கள். பள்ளியின் பெயர் செய்தித்தாளில் வரும் என்றார் அவர். யார் பொறுப்பேற்பது என்றார்.

"என் பேரு போடுங்க சார்," என்றாள் ஆர்த்திகா.

"நீ பதினேழு வயசுப் பிள்ளை. உன் பேரைப் போட நான் விடமாட்டேன்," என்றார் அவர். அதில் உண்மையான கவலையும் இருந்தது.

"அப்பம் எனக்க பேரு போடுகேன்," என்றார் ராஜி டீச்சர். "பக்கத்தை ஏத்துறதுக்கு முன்ன நான் பாத்திருக்கணும். பாக்கல்ல. மெமோ குடுக்கணும்னா குடுங்க, வாங்கிக்கிடுகேன்."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுதிக் கொண்டு வாங்க. நான் வாசிச்சுட்டுதான் போடணும்," என்றார்.

எழுதினார்கள். ஆனால் முகப்பில் அறிவிப்பை வைக்க ஆர்த்திகாவுக்குத் தெரியவில்லை. எதை மாற்றினாலும் வேறொன்று கலைந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு சுதீஷ் வந்தான். அவளைப் பார்க்கவில்லை. "தள்ளு," என்றான். உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் சிவப்புப் பெட்டியில் பெரிய எழுத்தில் அதை வைத்தான். படங்களின் மேல் பெயர் அச்சாகவே பதியும்படி செய்தான், இனி படத்தையும் பெயரையும் பிரிக்க முடியாது. பூங்கனி தன் குரலில் ஒன்றரை நிமிடம் பேசிப் பதிவு செய்தாள்: 'அந்தப் படத்தை அழியுங்க. எந்தப் பாம்பு கடிச்சாலும் நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. முருகதாஸ் மாமா எங்களுக்க தப்பாலதான் ஆஸ்பத்திரியில கெடக்காரு.' அதைத் தவறான படம் போன குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள்.

பதில்கள் வந்தன. சில நல்லவை. 'படிச்ச பிள்ளைகளுக்க லட்சணம்' என்று ஒன்று. 'இதுக்குத்தான் சர்க்கார் பள்ளிக்கு கம்ப்யூட்டர் குடுத்தானா' என்று ஒன்று. பூங்கனி எதையும் அழிக்கவில்லை.

குரல் பதிவு போதாது என்றும் அவள்தான் சொன்னாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மூவரும் டீச்சரும் பால் அளக்கும் ஷெட்டில் போய் நின்றார்கள். வாளிகளோடு வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அந்தப் படம் இருக்கிறதா என்று பார்த்து அழித்தார்கள். பலர் கொடுத்தார்கள். ஒரு பெரியவர், "நேத்து விஷம் இல்லன்னிய, இன்னைக்கு இருக்குங்கிய. நாளைக்கு எதைச் சொல்லுவிய?" என்று கேட்டார். "எங்களைக் கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் ஆர்த்திகா. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்தார். அன்று மட்டும் முப்பத்தொரு பேரின் கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது.

முருகதாஸின் மூச்சு ஐந்தாம் நாள் தானாக வரத் தொடங்கியது. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். குரல் கரகரத்துவிட்டிருந்தது, படியேற மூச்சு வாங்கியது, மரத்துக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

அவர் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். அஞ்சலி வாசலிலேயே நின்றாள். ஆர்த்திகாவை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். "ஷெட்டுல வந்து எல்லாருக்க போனையும் பாத்தியாமே," என்றாள்.

"பாத்தேன் மாமி."

"எனக்கு உன் மேல உள்ள கோவமும் வெப்ராளமும் இன்னும் தீரல்ல. நான் பொய் சொல்லப்பிடாதுல்லா. உள்ள வா. அவரு உங்களைத்தான் கேட்டுட்டு இருக்காரு."

முருகதாஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆர்த்திகா பேசத் தொடங்கும் முன்பே கையை அசைத்து நிறுத்தினார். "வண்டியில நீ சொன்னது கேட்டுச்சு. கண்ணைத் தொறக்க முடியல்ல, வாய் அசையல்ல, ஆனா காது கேட்டுச்சு. நீ எண்ணுனதும் கேட்டுச்சு. பதினொண்ணுன்னு சொன்னப்பம் எனக்கே பயம் வந்து." அவர் சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. அஞ்சலி வெந்நீர் கொண்டுவந்தாள்.

"தளத்தை மூடிராதிய," என்றார் இருமல் நின்றதும். "எனக்க மக இப்பம் தானே வாசிக்கத் தொடங்கியிருக்கா."

போட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிழையைத் தாமாகத் தெரிவித்ததைப் பாராட்டி இரண்டு வரி, பரிசுக்குப் பரிசீலிக்க இயலாது என்று ஒரு வரி. தலைமையாசிரியர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. டீச்சருக்கு மெமோவும் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் எதுவும் வரவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து தளத்தை மீண்டும் தொடங்கினார்கள். வனத்துறையிலிருந்து ஒருவரும் அந்த இளம் மருத்துவரும் பாம்புப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். சுதீஷ் ஆர்த்திகாவோடு வேலையைப் பற்றி மட்டும் பேசினான். பூங்கனி நடுவில் உட்கார்ந்து இருவர் பேச்சையும் அங்குமிங்கும் கடத்தினாள். பிப்ரவரியில் ஒரு நாள் பூங்கனி வரவில்லை. அட்டைப் பூச்சிகளைப் பற்றிய பக்கத்தை ஏற்ற வேண்டியிருந்தது. சுதீஷ் எல்லாவற்றையும் சரிபார்த்தான், ஏற்றும் பொத்தானுக்கு மேல் கையை வைத்தான், பிறகு எடுத்துக்கொண்டான்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி, திரைக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டான்.

"நான் பாத்தாச்சு," என்றான். "நீயும் ஒருக்கா பாரு. ஒவ்வொரு படமா."

ஆர்த்திகா உட்கார்ந்து முதல் படத்திலிருந்து தொடங்கினாள்.